போன் இல்லாத சமாதானம்

என்னங்க,

மாலை வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன். முதலில் சாப்பாடு. சோறு குக்கரில் இருக்கிறது. முட்டையை வேகவைத்துவிட்டேன், உரிக்கத்தான் நேரமில்லை. குழாய் ரிப்பேர்க்காரர் வந்தால், வழக்கம்போல் கீழே நின்று போன் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். சன்னல் பக்கம் ஒரு கண் வையுங்கள்.

நேற்று நீங்கள், "போனத்தான் பூட்டி வெச்சாச்சே, இன்னும் என்ன செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்க?" என்றீர்கள். நான், "செவுரு எதிர்த்துப் பேசாதுல்ல" என்றேன். அதன் பிறகு இருவரும் வாய் திறக்கவில்லை.

ஏன் என்று இன்று முழுக்க யோசித்தேன். நமக்குச் சண்டை எப்போதும் நேரில்தான் வரும். சமாதானம் மட்டும், நான் அடுப்படியிலிருந்தும் நீங்கள் கட்டிலிலிருந்தும் அனுப்பிக்கொள்ளும் மெசேஜில்தான் வரும். மூன்று நாள் போன் வேண்டாம் என்று முடிவெடுத்தபோது இதை யோசிக்காமல் விட்டுவிட்டோம். இது என் கணிப்புதான், தவறாகவும் இருக்கலாம்.

எனக்குக் கோபம் போய்விட்டது. நேரில் சொல்ல வராது என்றுதான் எழுதுகிறேன்.

அலமாரிச் சாவி டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. உங்கள் போனை எடுத்துக்கொண்டாலும் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பி.கு: வகுப்பு விட்டதும் அங்கேயே வாசலில் நிற்பேன், வாருங்கள். என்ன பேசுவதென்று எனக்கும் தெரியாது, நடந்துகொண்டே பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: என் போனும் அந்த அலமாரிக்குள்தான் இருக்கிறது. வர முடியவில்லை என்று எனக்குச் சொல்ல உங்களுக்கு வழியே இல்லை. அதனால் வந்துவிடுங்கள்.