நைரோபிக்கு ஒரு கண்டனம்

பருத்திப்பட்டு, ஆவடி
18 ஏப்ரல் 2025

கண்டம் தாண்டிப் போய்ச் சாக்கு தைக்கும் நைனாவுக்கு,

போனில் திட்டலாம் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அதனால் மெயில்.

மே மாதம் நானும் அம்மாவும் நைரோபிக்கு வருவதாகப் பேச்சு. மூன்று வருடம் கழித்து உங்களைப் பார்க்கப் போகிறோம் என்று பத்தாம் வகுப்புப் பரீட்சையைக்கூடச் சிரித்துக்கொண்டே எழுதினேன். நேற்று போனில் ஒரே வரி: "வராதீங்கம்மா, இங்க மழை."

மழையா? யாருக்கு? ஆவடிக்காரிக்கா? டிசம்பரில் நம் தெருவில் போட் விட்டார்கள். பால் பாக்கெட் மிதந்து வந்து வாசலில் நின்றது.

நக்கூரு ஏரியில் பூநாரைகள் நிற்பதையும், கார் போகமுடியாத லாமு தீவுச் சந்துகளில் கழுதைகள் போவதையும் பார்க்க வேண்டும் என்று நீங்கள்தானே ஆசை காட்டினீர்கள்? இப்போது நீங்களே தண்ணீர் ஊற்றுகிறீர்கள். நல்ல காரணம் இருந்தால் எழுதுங்கள்.

கண்டனத்துடன்,
ஜோதிகா

*

நைரோபி
21 ஏப்ரல் 2025

என் செல்ல வாயாடிக்கு,

நலமா? அம்மா நலமா? கோபப்பட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடு.

ஆப்பிரிக்கா நீ நினைப்பது போல இல்லையம்மா. மாலி நாட்டில் கலவரம் என்று டிவியில் காட்டுகிறார்கள். இங்கே ஊரை ஒட்டியே காடு, சிங்கம் திரிகிறது. சோள மாவைக் களி போலக் கிண்டி 'உகாலி' என்று தருவார்கள், உனக்கு இறங்காது. வெயிலும் ஒத்துக்கொள்ளாது. அடுத்த வருடம் பார்க்கலாம். ஏரியில் எடுத்த நீர்யானை போட்டோ ஒன்று அனுப்பியிருக்கிறேன், பார்.

அன்பு முத்தங்களுடன்,
அப்பா நாகப்பன்

*

பருத்திப்பட்டு
4 மே 2025

நைனா,

உங்கள் காரணங்களைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டேன்.

நைரோபியிலிருந்து மாலி, நைரோபியிலிருந்து ஆவடி இருப்பதைவிடத் தூரம். கிட்டத்தில் கலவரம் வேண்டுமென்றால் நம் வீட்டைத்தான் காட்ட வேண்டும். ஐம்பதுக்கு மேல் நாடுகள் இருக்கிற கண்டத்தை ஒரே தெரு மாதிரி பேசுகிறீர்கள். பள்ளிக்கூடத்தில் எழுதினால் முட்டை போடுவார்கள். சிங்கம் வண்டலூரில்கூட இருக்கிறது. அதற்காக யாராவது தாம்பரம் போகாமல் இருக்கிறார்களா? வெயில்? நைரோபி ஏற்காட்டைவிட உயரம். இங்கே சுவரில் கை வைத்தால் தோசை மாதிரி ஒட்டுகிறது. சப்பாத்தியை அங்கேயும் சப்பாத்தி என்றுதான் சொல்கிறார்களாம். உகாலி இறங்காவிட்டால் சப்பாத்தியைத் தின்றுகொள்வேன்.

இவ்வளவும் எழுதி அனுப்ப இருந்தேன். அதற்குள் கை அரித்தது. உங்கள் நீர்யானையை வெட்டி நம் பருத்திப்பட்டு ஏரிப் படத்தில் ஒட்டி, 'இன்று காலை காணப்பட்டது' என்று தெரு குரூப்பில் போட்டேன். வாக்கிங் போன கோவிந்தன் மாமா செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். சாயங்காலம் வீட்டு வாசலில் பஞ்சாயத்து.

"இன்னாம்மா எழிலரசி, பொண்ணா வளத்து வெச்சிகீற? எனக்கு பிபி கீது!"

அவர் போனதும் அம்மா முதுகில் ஒன்று வைத்தார். நான் கத்தினேன்: "எல்லாம் நைனாவாலதான்! அவர் வரச் சொல்லியிருந்தா நான் இன்னாத்துக்கு இதெல்லாம் செய்யப் போறேன்?"

"அந்த மனுசன இன்னாத்துக்குடி திட்டுற? வரமாட்டேன்னு சொன்னது நானு."

ஏன் என்று கேட்டேன்.

"அவரு இன்னும் ரெண்டு வருசம் அங்கயே வேலைன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. என்னை ஒரு வார்த்த கேக்கல. எப்ப வருவீங்கன்னு கேட்டா, அங்க போலாம் இங்க போலாம்னு பிளான் அனுப்புறாரு. தேதி கேட்டா ஒட்டகச்சிவிங்கி காட்டுறாரு. கட்டுனவரப் பாக்க நான் டூரிஸ்ட்டா போணுமா? உன் பரீட்ச கெட்டுடும்னுதான் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னேன்."

உண்மையா நைனா? இந்தத் தடவை சிங்கத்தைக் கூட்டி வராமல் பதில் எழுதுங்கள்.

ஜோதிகா

*

நைரோபி
6 மே 2025

ஜோ,

உண்மைதான். அம்மா மேல் உனக்குக் கோபம் வரக்கூடாது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இந்த ஊர் என்ன பாவம் செய்தது, அதன் மேல் பழி போட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் இருந்தவரை நான் "டேய் நாகு." இங்கே சாக்கு மில்லில் மெஷின் நின்றால் 'ஃபுண்டி' என்று கூப்பிடுவார்கள், கைத்தொழில் தெரிந்தவன் என்று மரியாதையாகச் சொல்வது. காலைக் குளிரில் சாயா குடித்துக்கொண்டே நாலு பாஷையில் அரட்டை அடிக்கிறார்கள். எனக்கு இங்கே பிடித்துப்போய்விட்டது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நீ மட்டுமாவது வா. டிக்கெட் எடுக்கிறேன். பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் உன்னை நிறுத்தி, கீழே எரிமலையைக் காட்டுகிறேன். அம்மாவை நான் அப்புறம் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

அப்பா

*

பருத்திப்பட்டு
8 மே 2025

நைனா,

அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிப் படித்தேன். அங்கேதான் அந்தக் கண்டம் இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கிறதாம், வருடத்துக்குச் சில மில்லிமீட்டர். நீங்கள் அதைவிட வேகம்.

உங்களுக்கு அந்த ஊர் பிடித்ததில் எனக்குக் கோபம் இல்லை. எனக்கே பார்க்காமல் பிடித்துவிட்டது. யாராவது உங்களை மரியாதையாகக் கூப்பிட்டால் எனக்குக் கசக்குமா? ஆனால் அதை முதலில் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருடமாக ஷிப்ட் முடித்து வந்து என் ஹோம்வொர்க்கில் தலையை விட்டு, கோவிந்தன் மாமாவிடம் பேச்சும் வாங்குகிறவர் அவர். 'அப்புறம் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்' என்கிறீர்கள். அம்மா என்ன பஞ்சர் ஒட்டுகிற டியூபா?

உங்கள் மெயிலை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நீ போய்ட்டு வாடி, எனக்காக இருக்காத" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு துணி மடித்தார். மடித்த துணியையே திரும்ப மடித்தார்.

நான் வரவில்லை.

எழுதும்போது அழுகை வருகிறது. பூநாரைக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வந்து நான் போட்டோவில் சிரித்தால், இங்கே அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு உங்கள் பக்கம் சேர்ந்த மாதிரி ஆகும்.

டிக்கெட் எடுக்காதீர்கள். மிருகம், மலை, கடல் எதுவும் அனுப்பாதீர்கள். அம்மா நம்பருக்குக் கூப்பிடுங்கள். நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன். எப்போது வருவீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். வரமாட்டீர்கள் என்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள்.

அதுவரை உங்கள் மெயில் எதையும் திறக்க மாட்டேன்.

உங்கள் பெண்,
எழிலரசி மகள் ஜோதிகா