மதினியின் சங்கிலி

13 ஆகஸ்ட் 1984

இன்றும் வட்டி கொடுத்தாயிற்று. முந்நூறு ரூபாய். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் வட்டிக்கார அண்ணாச்சி சைக்கிளை நிறுத்தி வாங்கிக்கொண்டு போனார். “டீச்சர்” என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார். அந்த மரியாதைதான் பயமாக இருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு ஹார்பரில் இரண்டாம் ஷிப்டு. உரக்கப்பல் வந்திருக்கிறதாம். வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். அவருக்கு எதுவும் தெரியாது.

17 ஆகஸ்ட்

எழுதிப் பார்த்தாலாவது புத்தி வருகிறதா பார்ப்போம்.

நான் பிடித்த சீட்டு. இருபது பேர், ஆளுக்கு மாதம் இருநூறு. நாலாவது மாதமே சீட்டை எடுத்த தையல்கடை சொரிமுத்து, கடையைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டான். அவன் சேர்த்துவிட்ட இரண்டு பேரும் எடுத்தபிறகு கட்டவில்லை. சீட்டுப் பிடித்தவள் நான். மற்றவர்களுக்கு நான்தானே பதில் சொல்ல வேண்டும்? ஏழாயிரம் ரூபாய் கைப்பொறுப்பு. ஒருத்தருக்கும் பாக்கி வைக்காமல் கொடுத்து முடித்தேன். வடிவு டீச்சர் சீட்டு என்றால் நம்பலாம் என்று இன்னமும் சொல்கிறார்கள்.

கொடுத்தது என் பணம் இல்லை. அண்ணாச்சியிடம் மூவாயிரம், நூற்றுக்கு மாதம் பத்து வட்டி. பாக்கி நாலாயிரம் எங்கே வாங்கினேன் என்பதை இங்கே எழுதக்கூடக் கை வரவில்லை.

29 ஆகஸ்ட்

அசதி. காய்ச்சல் இல்லை. அசதிதான்.

5 செப்டம்பர்

ஆசிரியர் தின விழா. பிள்ளைகள் பூ கொடுத்தார்கள். ஸ்டாஃப் ரூமில், அடுத்த மாதச் சம்பளத்தில் தருகிறேன் என்று நூறு ரூபாய் கைமாற்று கேட்டேன். சுந்தர்சிங் சார் கொடுத்தார். கொடுத்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், ஆசிரியர் கடன் சொசைட்டியில் கிருபை என்று ஒரு செக்ரட்டரி இருக்கிறாள், ஒருதரம் போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்றார். என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது போல.

8 செப்டம்பர்

போனேன். கிருபைக்கு என் வயதுதான் இருக்கும். வாங்கிய கடன், கொடுத்த வட்டி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொன்னாள். எழுதினேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

“டீச்சர், பதினாலு மாசத்துல நாலாயிரத்து எரநூறு குடுத்திருக்கீங்க. மூவாயிரம் அப்படியே நிக்கு. நீங்க கடனைக் கட்டல. அவரு வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடுதீங்க.”

சொசைட்டியில் நாலாயிரம் கிடைக்குமாம். முப்பத்தாறு மாதம், சம்பளத்தில் நூற்று நாற்பது பிடிப்பார்கள். இரண்டு ஆசிரியர்கள் ஜாமீன் போட வேண்டும். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் விண்ணப்பம் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

வேறு கடன் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? உதவி கேட்கப் போன இடத்திலும் பொய்.

12 செப்டம்பர்

திரும்பப் போய்ச் சொல்லிவிட்டேன். இவருடைய அக்கா, முப்பிடாதி மதினி, பம்பாயில் இருக்கிறாள். தாராவி வீட்டில் நகை வைக்கப் பயந்து ஐந்து பவுன் சங்கிலியை என்னிடம் கொடுத்து வைத்திருந்தாள். மகள் கல்யாணத்துக்கு என்று சேர்த்தது. அதை பேங்கில் என் பெயரில் அடகு வைத்து நாலாயிரம் வாங்கியிருக்கிறேன். தை மாதம் கல்யாணம்.

கிருபை வையவில்லை. வைதிருந்தால் அழுதிருப்பேன், கொஞ்சம் லேசாகியிருக்கும்.

“பேங்க் வட்டி மாசம் அம்பது ரூவா. அது கெடக்கட்டும். லோன் வந்ததும் மொதல்ல அண்ணாச்சி கடனை அடைங்க. மனசு சங்கிலியத்தான் மொதல்ல மீட்கச் சொல்லும். கேக்காதீங்க. மீட்டா, அண்ணாச்சிக்கு வட்டி கட்ட மறுபடியும் அதத்தான் கொண்டு வைப்பீங்க.”

கல்யாணத்துக்கு என்ன செய்ய என்று கேட்டேன்.

“இன்னைக்கே மதினிக்கு எழுதிப் போடுங்க. அவங்க வந்து எறங்கி, கேட்டு, பெறகு நீங்க சொன்னா அதுக்குப் பேரு வேற.”

13 செப்டம்பர்

எழுதவில்லை.

20 செப்டம்பர்

இன்லண்ட் லெட்டர் மூன்று கிழித்தாயிற்று. ‘அன்புள்ள மதினிக்கு, இங்கு அனைவரும் நலம்.’ அதற்குமேல் போகவில்லை.

23 செப்டம்பர்

ஞாயிறு. இவருக்கு லீவு. மீன்குழம்பு வைத்து, சாப்பிட்டு முடியட்டும் என்று காத்திருந்து சொன்னேன். சொரிமுத்து, அண்ணாச்சி, வட்டி — அதுவரைக்கும் பல் குத்திக்கொண்டு கேட்டார். சங்கிலி என்றதும் எழுந்துவிட்டார்.

“அக்கா சங்கிலியா?”

அவ்வளவுதான் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடிப்பார் என்று நினைத்தேனா? இல்லை. ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் நானும் கேட்டிருப்பேன் — ரெண்டு வருசமா வீட்டுச் செலவு எப்படி நடக்குன்னு ஒருநாளாவது கேட்டியளா நீங்க? சம்பளத்த கைல குடுத்தா முடிஞ்சி போச்சா?

கேட்கவில்லை. பாத்திரம் கழுவினேன்.

26 செப்டம்பர்

மூன்று நாளாக வீட்டில் சாப்பிடவில்லை. ஹார்பர் கேண்டீன்.

இன்று காலையில் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். “அக்காவுக்கு நான் எழுத மாட்டேன். நீதான் எழுதணும்” என்றார்.

நியாயம்தான். எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினால் அவ்வளவுதான் இருக்கிறது. பெட்டியில் போட்டபிறகு கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முடியாது.

11 அக்டோபர்

பதில் வந்தது. ‘தம்பி செல்லப்பாண்டிக்கு’ என்று இவர் பெயருக்கு. எந்த பேங்க், எவ்வளவு வட்டி, கெடு என்றைக்கு, ரசீது யாரிடம் இருக்கிறது. நாலு கேள்வி. எனக்கு ஒரு வரி இல்லை.

5 நவம்பர்

லோன் வந்தது. சுந்தர்சிங் சாரும் பெரிய டீச்சரும் ஜாமீன். பணத்தை எண்ணும்போது கை பேங்குப் பக்கம்தான் இழுத்தது. கிருபை சொன்னது சரியாகவே இருந்தது.

அண்ணாச்சி கடைக்கு இவரும் கூட வந்தார். அண்ணாச்சி மூவாயிரத்தை வாங்கிக்கொண்டு, இந்த மாத வட்டி என்றார். ஐந்தாம் தேதிதானே என்றேன். மாதம் பிறந்துவிட்டதே என்றார். இவர் அதையும் எடுத்து வைத்தார். நான் வெறும் தாளாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த புரோநோட்டைக் கேட்டார். வீட்டில் தேட வேண்டும், நாளைக்கு வாருங்கள் என்றார் அண்ணாச்சி.

“நாளைக்கு எனக்கு ஷிப்டு. தேடுங்க. இங்கன இருக்கேன்.”

கடை வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், காக்கி உடுப்போடு. நோட்டு வந்தது. என்னிடம் கொடுத்து, “நீயே கிழி” என்றார்.

மீதி எழுநூறை பேங்கில் அசலில் கட்டினோம்.

9 ஜனவரி 1985

மதினி ரயிலில் வந்து இறங்கினாள். நேரே இங்கே வந்தாள். காபிகூடக் குடிக்காமல் ரசீதை வாங்கிப் படித்தாள்.

“வடிவு, நீ எழுதாம இருந்து, இங்கன வந்து நான் கேட்டு நீ முழிச்சிருந்தேன்னு வையி, ஒன் முகத்துல முழிச்சிருக்க மாட்டேன். எழுதிட்ட. அதுக்காவ எனக்கு வலிக்கலன்னு நெனைக்காத.”

நினைக்கவில்லை மதினி. ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

30 ஜனவரி

ஆதிச்சநல்லூரில் கல்யாணம் முடிந்தது. பெண் கழுத்தில் பக்கத்து வீட்டு இரவல் சங்கிலி. எனக்குத் தெரியும், மதினிக்குத் தெரியும், இவருக்குத் தெரியும்.

தாய்மாமன் தட்டை இவர் ஏந்தினார். கூட நான் நடக்க வேண்டும். மதினி தன் சின்ன ஓரகத்தியைக் கூப்பிட்டு நடக்கச் சொன்னாள். நான் சமையல்கட்டில் வாழைக்காய் சீவினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அப்படியென்றால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் எனக்கு ஜன்னல் பக்கம் விட்டார்.

4 ஜூன்

பள்ளிக்கூடம் திறந்தது. பழைய செருப்பே போதும்.

16 நவம்பர்

இவருடைய தீபாவளி போனஸும் நான் மாதாமாதம் கட்டியதும் சேர்ந்து இன்று சங்கிலி வந்தது. மதினி வீட்டுக்காரர் தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தார். அவர் கையில் கொடுத்தேன். ஆசாரிக் கடைக்குக் கொண்டுபோய் எடை பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார். பார்க்கட்டும்.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். தூக்கம்தான் வந்தது.

22 ஆகஸ்ட் 1986

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பம்பாயிலிருந்து இன்லண்ட் லெட்டர். என் பெயருக்கு. மதினி மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். மதினிக்கு முழங்கால் வீக்கம், பிள்ளையைக் குளிப்பாட்ட உட்கார முடியவில்லையாம். ‘ஒனக்குக் காலாண்டு லீவு வருமே. பத்து நாள் வந்து இரு. வரும்போது பேறுகால மருந்துச் சாமானும் கருப்பட்டியும் கொண்டா. இங்க கிடைக்கது ஒண்ணும் வாயில வைக்க வெளங்கல.’

ஷிப்டு முடிந்து படுத்திருந்த இவரிடம் படித்துக் காட்டினேன். தலையணையைச் சரிசெய்துகொண்டே, டிக்கெட்டுக்கு நாளைக்குச் சொல்லி வைக்கிறேன் என்றார்.

சொசைட்டிப் பிடித்தம் இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. சாயங்காலம் பஜாருக்குப் போய் உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ வாங்கினேன். ரொக்கமாக.