ஆமையின் ஒரே ஓட்டம்

நவம்பர் 12, செவ்வாய்

மாலை 5:10. பேஸ்பால் பயிற்சி ஆட்டம்; மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். முடிய ஒரே பந்து பாக்கி. மதிலுக்கு அப்பால் கடை வானொலி சொல்லிவிட்டது: ஆமை எவாரிஸ்தோ இறந்துவிட்டார். அந்தப் பந்தை யாரும் வீசவில்லை. நான் விளக்குக் கம்பத்தின் உச்சியில் இருந்தேன்; மைதானத்தின் மின்வேலை முழுக்க என் தலையில்.

ஆறு மணிக்கு அவர் வீட்டு வாசலில் ரம், தோமினோ ஆட்டம், கூச்சல். எங்கள் ஆலை அணிக்காகப் பதினான்கு பருவம் பந்து வீசியவர்.

"ஆமை பந்தை விட்டதும் நான் எழுந்து போய் பீர் வாங்கிட்டு வந்து உக்காருவேன். அப்பவும் அது வந்துக்கிட்டேதான் இருக்கும்!" என்றான் பாபோ. துறைமுக அணி ரசிகன். தொப்பைக்கு மேல் அவர்கள் நீலச் சட்டை.

"மணிக்கு அறுபத்திரண்டு மைல். பழைய படத்தை வைத்து அளந்தேன்" என்றேன்.

"இவனைக் கம்பத்துலயே விட்டிருக்கலாம்."

ஆமையின் மனைவி தோன்யா நூரிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "அவருக்கு ஒரே குறைதான். ஒரு தடவைகூட ஓடி வந்து வீட்டுத் தளத்தை மிதிக்கல." மட்டை பிடித்தவன் மூன்று தளமும் சுற்றி வந்து வீட்டுத் தளத்தை மிதித்தால்தான் ஒரு ஓட்டம்; எங்கள் லீகில் பந்து வீசுபவன் மட்டை பிடிப்பதே இல்லை. எப்படி ஓடுவது?

முடிவாகிவிட்டது. நாளை மைதானத்தில் சவப்பெட்டி நான்கு தளமும் சுற்றும். "செத்தவர் எடுக்கிற ஓட்டம் கணக்கில் வருமா?" என்று கேட்டேன்.

"வாயை மூடிட்டு நாளைக்குப் பெட்டிய முன்பக்கம் பிடி, வில்கின்!" என்றார்கள்.

நவம்பர் 13, காலை

தலைநகர் சாந்தோ தொமிங்கோவிலிருந்து மட்டும் ஆறு பேருந்து. நிறுத்த இடமில்லை. எல்லாமே முட்டாள்தனம். என் சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று.

நவம்பர் 13, மாலை

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆறு பேர் தூக்கினோம். நான் முன்னால், இடப்பக்கம். முதல் தளத்தில் வளைவை உள்ளே வெட்டினேன். தூரம் குறைவு, குலுங்காது. அரங்கம் பாடிக்கொண்டிருந்தது. மூன்றாம் தளத்தை மிதித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறோம், தோன் லிபோரியோ கையைத் தூக்கினார். ஓய்வுபெற்ற நடுவர். ஆமை ஆயுள் முழுக்கச் சண்டை போட்ட ஆள்.

"முதல் தளத்தை மிதிக்கல!"

பாட்டு நின்றது. நான்தான். நான்தான் விட்டேன். ஐயோ, அவருக்குக் கிடைச்ச ஒரே ஓட்டம்டா!

"அவுட்! அவுட்!" துறைமுகக்காரர்கள் குதித்தார்கள். பந்தோடு போய் முதல் தளத்தை யாராவது மிதித்தால் முடிந்தது. பாபோ வேலியைத் தாண்டிவிட்டான்! கையில் பந்து, ஆமை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

நான் கத்தினேன்: "பந்து மதிலைத் தாண்டல! ஆட்டம் உயிரோட இருக்கு! வந்த வழியே திரும்பிப் போயி மிதிக்கலாம், விதி இருக்கு!"

லிபோரியோ தலையசைத்தார். "இருக்கு."

"அப்புறம் என்னடா வேடிக்கை பார்க்கறீங்க? ஓடுங்கடா!" தோன்யா நூரிஸ்தான். காலணியைக் கழற்றிவிட்டு எங்களுக்கு முன்னால் ஓடுகிறார்!

ஓடினோம். சவப்பெட்டியோடு. மூன்றாவதிலிருந்து இரண்டாவது, அங்கிருந்து முதலாவது. பின்னால் யாரோ சிரித்துச் சிரித்து மூச்சுத் திணறினான். "உள்ள இருக்கறவரு இவ்வளவு வேகமா எங்கயும் போனதில்லடா!" பாபோ எதிரிலிருந்து தொப்பை குலுங்க வருகிறான். காலை நீட்டினேன். ஒரே புழுதி.

லிபோரியோ குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். இரண்டு கையையும் விரித்தார்.

"சேஃப்!"

மறுபடி முழுச் சுற்று. வீட்டுத் தளத்தில் நூரிஸ் பெட்டியை ஓங்கித் தட்டினார், சக ஆட்டக்காரனைத் தட்டுவதுபோல. நீலச் சட்டைகளும் எங்கள் பச்சைச் சட்டைகளும் கட்டிப்பிடித்து விழுந்தார்கள். நான் அழவில்லை. புழுதி.

நவம்பர் 14

தோள் வலி. சிரித்தால் இன்னும் வலிக்கிறது. ஆகவே நாள் முழுக்க வலி.

நவம்பர் 15, வெள்ளி

மைதானத்துக் காமிராவின் பதிவைக் கணினியில் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நான்கு முறை. என் கால் தளத்தில் படுவதற்கு முன்பே பாபோவின் கால் அதன்மேல் இருக்கிறது. சந்தேகமே இல்லை. லிபோரியோ இரண்டடி தூரத்தில் குனிந்திருக்கிறார். பாபோ வாயைத் திறக்கவே இல்லை.

இனி செய்ய வேண்டியவை:

1. பாபோவுக்கு ஒரு பீர். காரணம் சொல்லக் கூடாது.
2. தோன் லிபோரியோவிடம் எதுவும் கேட்கக் கூடாது.
3. காமிராப் பதிவை அழிக்க வேண்டும்.
4. நிர்வாகம் கேட்டால்: மின்கோளாறு.