கதவின் மேல் மூலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிறவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே தினமும் எங்கள் நினைப்பு. நான் நலம், அப்பா முக்கால் நலம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்கத் தெம்பில்லை. உன் பிரசவத்துக்கு என்னால் வர முடியாது. டிக்கெட்டை நேற்று ரத்து செய்துவிட்டேன். போனில் சொன்னால் நீ அழுவாய், உன்னைத் தேற்றுகிறேன் என்று நானும் அழுவேன், ஒன்றும் சொல்லி முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். காரின் ஒவ்வொரு பாகத்திலும் எங்கே யார் கை வைப்பார்கள், எவ்வளவு பாரம் விழும் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பேன், கணினி ஆயிரக்கணக்கான வடிவங்களைப் போட்டுப் பார்த்து, பாரம் விழாத இடத்திலெல்லாம் உலோகத்தைக் குறைத்துவிடும். ஆப்டிமைசேஷன் என்று அலுவலகத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அது பட்டியலைத் தாண்டி ஒன்றும் யோசிக்காது, எழுதாததை இல்லாதது என்றே எடுத்துக்கொள்ளும். புது காரின் முன்கதவில் இப்படி நானூறு கிராம் குறைத்தோம், எல்லோரும் கை தட்டினார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். கதவை அறைந்து சாத்துவது, திறந்த கதவில் பிள்ளைகள் தொங்குவது எல்லாம் எழுதித்தான் இருந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அப்பாவை முட்டி வைத்தியத்துக்குக் கூட்டிப்போனேன். உன்னிடம் வெறும் சுளுக்கு என்றுதானே சொன்னார், பொய். நம் பழைய காரிலிருந்து இறங்கும்போது கதவைப் பாதி திறந்து, ஜன்னல் சட்டத்தின் மேல் மூலையை இரண்டு கையாலும் பிடித்து, மொத்த உடம்பையும் அதில் போட்டு எழுந்தார். பத்தொன்பது வருஷமாகப் பட்டியல் எழுதுகிறேன், அந்த மூலையை ஒருவர் அப்படிப் பிடிப்பார் என்று எழுதியதே இல்லை. கூடவே இருக்கிற மனுஷனை நான் பார்க்கவே இல்லை, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அடுத்த நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புது கதவில் அந்த மூலை ஒரு வருஷம்கூடத் தாங்காது, விரிசல் விடும், பிடித்த பிடியோடு யாரோ ஒரு பெரியவர் கீழே விழுவார்.

துறைத் தலைவர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், நல்ல மனுஷன்தான். பட்டியல்ல இல்லாததுக்கு யாரும் நம்மளக் கேக்க மாட்டாங்க அக்கா, நீங்க போய்ப் பேரப்பிள்ளையப் பாத்துட்டு வாங்க, வந்து பேசிக்கலாம் என்றார். வந்து பேசுவதற்குள் கதவுக்கு அச்சு வெட்டிவிடுவார்கள், அப்புறம் வடிவத்தை மாற்ற முடியாது. போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி முதலிலிருந்து பட்டியல் எழுத வேண்டும், பத்து வாரம் ஆகும், தப்புப் பண்ணினவளே விட்டுவிட்டு வர முடியுமா சொல். கூட வேலை செய்கிறவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அவர்கள் விடுமுறையும் சேர்ந்துதானே போயிற்று. தினமும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று யார் யார் எப்படி இறங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்கிறேன். நேற்று இருபத்துமூன்று பேரில் பதினேழு பேர் அந்த மூலையைத்தான் பிடித்தார்கள். காவலாளி இரண்டு முறை வந்து யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டார். கால் கடுக்கிறது பாப்பா.

அப்பாவுக்கு, தன்னைப் பார்த்துத்தான் இது எனக்குப் பிடிபட்டது என்று தெரியாது. வாய் ஓயாமல் என் அலுவலகத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார். தெரிந்தால், எதையும் பிடிக்காமல் இறங்கிக் காட்டுகிறேன் பார் என்று கிளம்பிவிடுவார், நீ உளறிவைக்காதே. உன் மாமியார் செய்து போடுவதை முகம் சுளிக்காமல் சாப்பிடு, என் சமையலுக்கு அது எவ்வளவோ மேல் என்று நீயே சொல்லியிருக்கிறாய். என் மேல் கோபம் இருந்தால் திட்டி எழுது, மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்காதே. எனக்கே என் மேல் கோபம்தான்.

தாயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டாகப் பிரிந்து, நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. வலி எடுத்ததும் என்னைக் கூப்பிடு. எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் எழுந்து வெளியே போய்விடுவேன் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். நீ ஒன்றும் பேச வேண்டாம், போனை உன் காதுப் பக்கம் வைக்கச் சொல்லி மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடு. பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் நான் வைக்க மாட்டேன்.

உன் அம்மா