மாதேசன் கழற்றிப் போட்ட ஜாக்கெட்

ஐப்பசி 4, ஞாயிறு

இன்று ஒகேனக்கல் பரிசல் துறையில் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்றேன். இருபத்தாறு வருடமாகத் துடுப்புப் பிடிக்கிறவன், இதுதான் முதல் தடவை. சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் என் பரிசலில் ஏறப் போனது. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏங்க, உங்களுக்கு நீச்சல் தெரியாதுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துப் பரிசல்காரன் முனியப்பன் முந்திக்கொண்டான். "அண்ணனுக்குத் தண்ணின்னா பயமுங்க. நீங்க இங்க வாங்க." அவன் உடம்பில் ஜாக்கெட் இல்லை. குடும்பமே சிரித்துக்கொண்டு அவன் பக்கம் போய்விட்டது. அவன் சிரிக்கவில்லை.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த வார்த்தை என்னுடையது. போன மாதம் அவனுடைய அண்ணன் மாதேசன் ஜாக்கெட் போட்டு நின்றபோது, அவன் பரிசலில் ஏறப் போனவர்களிடம் நான்தான் அப்படிச் சொன்னேன். கூட்டம் என் பரிசலுக்கு வந்தது. மாதேசன் ஜாக்கெட்டைக் கழற்றிக் காலடியில் போட்டான். அடுத்த நடையில் அவன் பரிசல் பாறையில் மோதிக் கவிழ்ந்தது. பயணிகள் எல்லோரும் ஜாக்கெட்டோடு மிதந்தார்கள். அவனை மூன்றாம் நாள்தான் எடுத்தோம். எங்கள் எல்லோரையும்விட நன்றாக நீந்துகிறவன். மண்டையில் அடிபட்டால் நீச்சல் எதற்கு ஆகும்.

நான்கு மணிவரை என் பரிசலில் ஒருவரும் ஏறவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றினேன். உடனே ஆறு பேர் ஏறினார்கள். தள்ளிவிட முனியப்பனே வந்தான். விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"இப்பத்தான் எங்கண்ணனாட்டமே இருக்கறீங்க."