மாடிக் கதவும் ஒரு துண்டு கேக்கும்

நவம்பர் 3, திங்கள்

மழை. காலையில் விபெகெ என் மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எங்கள் வெப்ப நிலையத்தின் இயக்குநர் அவள். நின்றபடியே பேசிவிட்டுப் போகிறவள் உட்கார்ந்தால் விஷயம் பெரியது.

"இந்த மாசம் நம்ம பாதுகாப்பைச் சோதிக்க ஒருத்தர் திருடன் மாதிரி உள்ள நுழைஞ்சு பார்க்கப் போறாரு, சோல்வய். எப்போ, யாருன்னு எனக்கே தெரியாது. மாடியில கட்டுப்பாட்டு அறை மேசையில சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிட்டாருன்னா நீ தோத்த. ஜனவரியிலேருந்து உன் பிரிவை வெளி கம்பெனிக்குக் குடுத்துடுவோம்னு நிர்வாகக் குழு சொல்லிருச்சு."

என் பிரிவு என்றால் நானும் ரிக்கெயும்தான். யார் எந்தக் கதவைத் திறக்கலாம், எந்தக் கணினிக்குள் போகலாம் என்று பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. வேலை போய்விடும் என்கிறாள், நான் பயந்திருக்க வேண்டும். எனக்கோ கை பரபரக்கிறது! எத்தனை வருடமாகக் கதவைப் பூட்டுங்கள் என்று கத்துகிறேன். கடைசியில் நிஜமாகவே ஒரு திருடன் வருகிறான்.

நவம்பர் 4

முதல் வேலை மாடிக் கதவு. குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க ஊர் முழுக்க வெந்நீர் அனுப்பும் பம்புகளை அந்த அறையிலிருந்துதான் ஓட்டுகிறார்கள். இத்தனை நாள் அதற்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரே எண். காபி இயந்திரம் பழுது பார்க்க வருகிறவருக்குக்கூட அது தெரியும். இன்றுமுதல் பம்பு ஓட்டுபவர்களுக்கு மட்டும் தனித்தனி அட்டை.

பகல் வேலையில் பம்பு ஓட்டும் கோர்ம் கொதித்துப் போனார்.

"வாம்மா பூட்டுக்காரி! இத்தனை வருஷமா இங்க குப்பை கொட்டுறேன். என் மூஞ்சிதான் அட்டை."

"கதவுக்கு உங்க மூஞ்சி தெரியாது கோர்ம்."

"அப்போ கதவுக்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போடு!"

அட்டை நானும் எடுத்துக்கொள்ளவில்லை, விபெகெக்கும் கொடுக்கவில்லை. "இயக்குநருக்கே இல்லையா?" என்றாள். "நீ பம்பு ஓட்டுவியா?" என்று கேட்டேன்.

நவம்பர் 7

கண்கொத்திப் பாம்பாக இருக்கிறேன். ஜன்னல் துடைக்க வந்தவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டதில் அவர் வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டார். வாசலில் நெடுநேரம் நின்ற ஒருவனை மடக்கினேன். கணக்குப் பிரிவு பிரேபெனின் மச்சினன். வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தவனாம். நம்பவில்லை. பிரேபெனே இறங்கி வந்து, "விடும்மா, இவன் எங்க வீட்டுத் திருடன்தான்," என்றான்.

ரிக்கெ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கட்டும்.

நவம்பர் 11

யாரும் வரவில்லை. தூக்கமும் வரவில்லை.

நவம்பர் 13

பிரேபென் மாட்டிக்கொண்டான்! கணினியைப் பூட்டாமல் எழுந்து போனால் இங்கே அதற்கு ஒரே தண்டனைதான். யாராவது அதில் உட்கார்ந்து, அவன் பெயரிலேயே எல்லோருக்கும் எழுதிவிடுவார்கள்: "நாளை காலை பத்து மணிக்கு நான் கேக் கொண்டு வருகிறேன்." எழுதியது யாராக இருந்தாலும் அவன் வாங்கி வந்தே தீர வேண்டும். இந்த வழக்கத்தை ஊதி வளர்த்தவள் நான். நூறு சுற்றறிக்கையில் நடக்காததை ஒரு கேக் நடத்திவிடும்.

திட்டிக்கொண்டே பேக்கரிக்குப் போனான். மேலே மர்சிபான் என்ற பாதாம் பூச்சு வைத்தது வேண்டும் என்று பின்னாலேயே கத்தினேன்.

நவம்பர் 14, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பத்து மணிக்கு மொத்த நிலையமும் கீழே உணவுக்கூடத்தில். பிரேபென் கத்தியை ஓங்கிக்கொண்டு, "எவன்டா என் மெஷின்ல உக்காந்தது?" என்றான். ஒரே சிரிப்பு. வழக்கமாக எழுதியவன் இந்த நேரத்தில் எழுந்து பீற்றிக்கொள்வான், முதல் துண்டு அவனுக்குத்தான். யாரும் எழவில்லை.

"ரிக்கெ, நீதானே?"

"நான் நேத்து லீவு."

ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். என் வாயில் கேக். ஏன் யாருமே சொல்லவில்லை? இந்தப் பெருமையை விடுகிற ஆள் இங்கே உண்டா? — அப்படியானால் எழுதியவன் இங்கே இல்லை. எழுதியவன் எங்கள் ஆளே இல்லை. ஐயோ, எல்லாரும் கீழ இருக்கோமே! மாடியில யாரு?

ஓடினேன். படியில் ஒரு செருப்பு கழன்றது. விட்டுவிட்டேன்.

மாடியில் எங்கள் நீலச் சட்டை போட்ட ஒரு புது ஆள், பூட்டிய கதவின் முன்னால் நின்றான். ஒரு கையில் காபி, ஒரு கையில் கேக் தட்டு. முகத்தில் பால் வடிந்தது.

"கை ரெண்டும் நிறைய இருக்கு. கொஞ்சம் திறங்களேன்," என்றான் கேமராவைப் பார்த்து.

சுவர் ஒலிபெருக்கியில், கதவுக்கு உள்ளே வேலையில் இருந்த கோர்மின் குரல்: "கேக்கைத் தரையில வை. திரும்பிப் பாக்காமப் போ."

"காபி ஆறிடும்."

"ஆறட்டும். நீ யாருன்னே எனக்குத் தெரியாது."

"நான் பிடிச்சிட்டேன்!" என்று கூவினேன், ஒற்றைச் செருப்போடு. அவன் திரும்பி என்னைப் பார்த்தான், சிரித்தான், சட்டைப்பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து என் கையில் கொடுத்தான்.

நவம்பர் 17

அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வியாழக்கிழமை வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, "வாங்க வாங்க, நனையாதீங்க," என்று உள்ளே விட்டது பிரேபெனேதான். வெளுத்ததெல்லாம் பால் எங்களுக்கு. அடுத்தவன் கணினியில் யாரோ உட்கார்ந்து தட்டுகிறார், பக்கத்து மேசைக்காரி சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாளாம்! கேக் வழக்கம் இருக்கும்போது அவள் ஏன் சந்தேகப்படப் போகிறாள்? வேலியே பயிரை மேய்ந்த கதை. அந்த வேலியைப் போட்டதும் நான்தான்.

இன்று சுற்றறிக்கை அனுப்பினேன்: விளையாட்டுக்குக்கூட அடுத்தவர் கணினியைத் தொடக் கூடாது. அனுப்பும்போது மனசு கேட்கவில்லை.

டிசம்பர் 1

பிரிவு என்னிடமே இருக்கும்! வாசலும் கணினியும் கவிழ்ந்தன. ஆனால் மாடிக் கதவு நின்றது, அதுதான் முக்கியம் என்று குழு சொன்னதாம். ரிக்கெயைத் தூக்கிச் சுற்றினேன். அவள் என்னைவிடக் கனம்.

பிறகு கோர்மிடம் போனேன். இத்தனை நாள் உறுத்திய கேள்வி. "என் விதியைத் திட்டுற ஆளு நீங்க. அன்னிக்கு ஏன் திறக்கல?"

"உன் விதியா? அது யாருக்கு ஞாபகம் இருக்கு?" அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கீழ எத்தனை பிறந்தநாள், எத்தனை கேக்கு. இந்த நாற்காலியை விட்டு நாங்க நகர முடியாது. இத்தனை வருஷத்துல ஒருத்தராவது ஒரு துண்டு மேல கொண்டு வந்திருக்கீங்களா? இவன் கொண்டு வரான். அப்போ நம்ம ஆளா இருக்க முடியாதுல்ல?"

வெட்கமாக இருந்தது.

டிசம்பர் 5

ரிக்கெக்குப் பிறந்தநாள். யாரும் கத்தி வைக்குமுன் பெரிய துண்டாக ஒன்று வெட்டிக்கொண்டு மாடி ஏறினேன். கதவுக்கு முன்னால் நின்று கேமராவைப் பார்த்து இளித்தேன்.

"தட்டைக் கீழ வை," என்றார் கோர்ம். "அட்டையைக் காட்டு."