கறுப்புக் கட்டம் போட்ட கார்டு

விருத்தாசலம்
5-7-1970

அக்காவுக்கு தேவநாதன் எழுதியது.

நான் நலம். நீ, மாமா, வாசுகி மூவரும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். நலம் விசாரித்தே முக்கால் பக்கத்தை ஓட்ட எனக்குப் பொறுமை கிடையாது. இதைத் தம்பி எழுதியதாக நினைத்துப் படி. மருமகன் எழுதியதாக நினைத்தால் நாலாவது வரியில் மடித்து அரிசிப் பானைக்குள் செருகிவிடுவாய். உன் மகளைக் கட்டிக்கொண்டதில் எனக்கு இதுதான் நஷ்டம். முன்பு போல உன்னோடு சண்டை போட முடியவில்லை.

நேற்று ஒரு வகுப்புக்குப் போனேன். இங்கே தாய் சேய் நல விடுதியில் சனிக்கிழமை தோறும் பிள்ளைப்பேற்று வகுப்பு நடக்கிறது. கர்ப்பிணிகளும் அவர்கள் கணவன்மாரும் வரலாம் என்று போர்டு எழுதியிருந்தார்கள். வாசுகிதான் வளைகாப்பு முடிந்து உன்னோடு கருவேப்பிலங்குறிச்சிக்கு வந்துவிட்டாளே, நானாவது போகிறேன் என்று போனேன். பதினோரு பெண்கள். ஆண் நான் ஒருவன். உள்ளே நுழைந்ததும் பதினோரு பேரும் முந்தானையை இழுத்துக்கொண்டார்கள். "தம்பி, ஊசி போடுற எடம் அந்தாண்ட" என்று ஒரு அம்மாள் கையைக் காட்டினாள். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

நடத்துகிற நர்ஸம்மா பெயர் கமலம். எங்கள் சூளை மேஸ்திரிக்கு இருக்கிற குரல். ஒரு துணிப் பொம்மையும் மரத்தில் செய்த இடுப்பெலும்பும் வைத்திருக்கிறார். எலும்பை வாங்கி என் ஸ்கேலால் அளந்தேன். வழி பத்து சென்டிமீட்டர். பொம்மையின் தலை ஒன்பதரை. எனக்கு வேர்த்துவிட்டது. பீங்கான் சாமானைச் சூளையில் அடுக்கும்போதே நாங்கள் இதைவிட அதிகம் இடம் விடுவோம். இந்தச் சந்தில் உயிரோடு ஒன்று வர வேண்டும். நீங்கள் எல்லோரும் வெந்நீர் போடுவதைத் தவிர வேறெதுவும் என் காதுபடப் பேசியதில்லை.

எனக்கு இருபத்தேழு வயது. ஆயிரத்து இருநூறு டிகிரியில் மண் என்ன ஆகும் என்று டிப்ளமோ வாங்கியிருக்கிறேன். மனிதன் எப்படிப் பிறக்கிறான் என்று நேற்றுதான் தெரிந்தது. நான் எப்படிப் பிறந்தேன் என்று சின்ன வயதில் கேட்டபோதெல்லாம், "உன்னப் பெத்த அன்னிக்கு அம்மாவ முனி அடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாய்.

ஆகவே வாசுகியைச் சனிக்கிழமை தோறும் பஸ்ஸில் அனுப்பு. பிரசவமும் இங்கே ஆஸ்பத்திரியில்தான்.

தம்பி,
தேவநாதன்


கருவேப்பிலங்குறிச்சி
10-7-1970

அன்புத் தம்பி தேவநாதனுக்கு அக்கா விருத்தாம்பாள் ஆசீர்வதித்து எழுதுவது.

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எலும்பைப் பற்றித்தான் இருக்கிறது.

நீ எழுதியதை உன் மாமாவிடம் படித்துக் காட்டவில்லை. வாசுகியிடம் கொடுத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, "மாமா அந்த நர்ஸம்மாவ கேள்வி கேட்டே கொன்னுருப்பாங்க" என்றாள். பொம்பளைகள் நடுவே போய் உட்கார்ந்து ஸ்கேலால் அளந்த மனுஷனை இந்த ஜில்லாவில் தேடினாலும் கிடைக்காது. உன் கம்பெனியில் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்.

தலைப் பிரசவம் தாய் வீட்டில்தான். மருத்துவச்சி பூவாயி இந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேரை எடுத்தவள். வாசுகியை எடுத்தவளும் அவள்தான். வயிற்றுப் பிள்ளைக்காரியைச் சனிக்கிழமை தோறும் பஸ்ஸில் குலுக்கி அனுப்ப என்னால் ஆகாது. ஆடியும் பிறக்கப் போகிறது. ஆடியில் மாப்பிள்ளை மாமியார் வீட்டுப் படி ஏறக் கூடாது, நீயும் வராதே. நாள் இன்னும் இரண்டு மாசம் கிடக்கிறது.

கால் லேசாக வீங்கியிருக்கிறது. அது எல்லோருக்கும் உள்ளதுதான்.

அன்புள்ள அக்கா,
விருத்தாம்பாள்


விருத்தாசலம்
18-7-1970
(கார்டு)

அக்கா, இன்று மூன்றாவது வகுப்பு. கட்டத்துக்குள் இருப்பதைச் சுவரில் ஒட்டி வை. தினமும் பார்.

முகம், கை வீக்கம். விடாத தலைவலி. கண் மங்கல். ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. மறுநாள் என்பது கிடையாது.

தேவநாதன்


கருவேப்பிலங்குறிச்சி
22-7-1970

தம்பிக்கு,

உனக்கு மூளை இருக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளையை இப்படிக் கேட்கக் கூடாது, தம்பியைக் கேட்கிறேன்.

தபால்காரர் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரவில்லை. "அம்மா, கொஞ்சம் ஒக்காருங்க, ஐயாவ கூப்புடுங்க" என்கிறார். கையில் சுற்றிலும் கறுப்புக் கோடு போட்ட கார்டு. சாவுச் சேதிக்குத்தானே அப்படிக் கோடு போடுவார்கள்? விருத்தாசலம் முத்திரை வேறு. அங்கே நமக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? வாசுகி பார்த்துவிட்டு, கத்தக்கூட இல்லை, அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டில் ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்கள். உன் மாமா கடைசி வரியைப் பார்த்து உன் கையெழுத்துதான் என்று தெரிந்ததும், மேலே என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் நாலாகக் கிழித்து வாய்க்காலில் போட்டுவிட்டார். வீட்டைக் கழுவி, எல்லோரும் தலைக்குக் குளித்தோம். நோட்டீசுக்குக் கட்டம் போடுகிற பழக்கத்தைக் கம்பெனியோடு வைத்துக்கொள். பிள்ளை பிறக்கும்வரை நீ கடிதமே எழுத வேண்டாம் என்று மாமா சொல்லச் சொன்னார்.

அன்றைக்கு அழுத அழுகையில் வாசுகிக்குத் தலைவலி. மூன்று நாளாக விடவில்லை. மற்றபடி உடம்பு நன்றாகத் தேறியிருக்கிறாள். முகம் பூரித்து, பார்க்கிறவர்கள் கண் படுகிறது. கை சதை பிடித்து, வளைகாப்பு வளையல் அசையாமல் நிற்கிறது. என் சமையல்தான் என்று பெருமையாக இருக்கிறது.

அக்கா


விருத்தாசலம்
24-7-1970, பகல் 12 மணி
(பஸ் கண்டக்டர் ஜெயராஜ் வசம்)

அக்கா, நின்றுகொண்டே படி. மாமாவிடம் கொடுக்காதே.

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. வளையல் அசையவில்லை என்ற வரியைப் படித்ததும் சூளையை மேஸ்திரியிடம் விட்டுவிட்டுக் கமலத்தம்மாவிடம் ஓடினேன். படித்துவிட்டு அவர் செருப்பைக்கூடப் போடாமல் எழுந்து நின்றார். "இது சதை இல்ல, நீரு. இன்னிக்கே இங்க வரணும்" என்றார். நீங்கள் கிழித்துப் போட்ட கார்டில் அதைத்தான் எழுதியிருந்தேன். கட்டம் போட்டது என் தப்பு. சுவரில் தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று போட்டேன். அதைப் பிறகு திட்டிக்கொள்.

இப்போது வாசுகியிடம் கேள். கண் எப்படி இருக்கிறது? மங்குகிறதா, பூச்சி பறக்கிறதா? ஆம் என்றால் எனக்காகக் காத்திருக்காதே. ஜெயராஜிடம் சொல்லியிருக்கிறேன், அதே பஸ் திரும்பி வரும்போது உங்கள் வாசலில் நிற்கும். டாக்ஸிக்காரன் சாப்பிடப் போயிருக்கிறான். வந்ததும் புறப்படுகிறேன். ஆடியாவது ஒன்றாவது.

இன்னொன்று. இதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்று கமலத்தம்மாவைக் கேட்டேன். முதலில் வீக்கம், பிறகு தலைவலி, பிறகு கண் போகும், பிறகு கை கால் இழுத்து வாயில் நுரை தள்ளும் என்றார். "கிராமத்துல பேய் அடிச்சது, முனி அடிச்சதுன்னு சொல்லிப் பொதைச்சிடுவாங்க" என்றார். முனியை நான் என்றைக்கும் நம்பியதில்லை. ஆனால் அந்த இடத்தில் வைப்பதற்கு என்னிடம் வேறு எதுவும் இருந்ததில்லை. இன்று கிடைத்துவிட்டது. அக்கா, அம்மாவை அடித்தது முனி இல்லை.

தேவநாதன்


கருவேப்பிலங்குறிச்சி
18-8-1970

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

வாசுகி எழுந்து நடக்கிறாள். முகம் வற்றிப் பழைய முகம் வந்துவிட்டது. குழந்தை இன்னும் கோழிக்குஞ்சு மாதிரிதான் இருக்கிறாள், ஆனால் பாலைச் சப்பிக் குடிக்கிறாள். நர்ஸம்மா சொன்னபடி பஞ்சு வைத்துச் சுற்றியே வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த பன்னிரண்டு நாளும் நான் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாப்பிள்ளை என்ற மரியாதை என்று நர்ஸுகள் நினைத்தார்கள். உனக்குக் கோபம் என்று தோன்றியிருக்கும். கோபம் இல்லை. பேசினால் இதைச் சொல்ல வேண்டியிருக்கும், அதனால்தான். இப்போது எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு ஜெயராஜ் கொடுத்த கடிதத்தை நீ சொன்னபடி நின்றுகொண்டே படித்தேன். வாசுகியைக் கேட்டேன். "காலையிலேருந்து கண்ணு முன்னால கொசு பறக்குது. வூட்டுக்குள்ள ஏம்மா இவ்ளோ இருட்டா இருக்குது" என்றாள். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. நடு மத்தியானம். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை நான் புரட்டவே இல்லை. அவளை அப்படியே இழுத்துக்கொண்டு தெருவில் போய் நின்றேன். உன் மாமா குறுக்கே வந்தார். "இந்த வார்த்தைய நான் முன்னாடி ஒருக்கா கேட்டுட்டேன், வழிய வுடு" என்றேன். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவரை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. மனுஷன் திரும்பி பஸ்ஸுக்குக் கை காட்டினார். ஆஸ்பத்திரிப் படியிலேயே அவளுக்கு இழுத்ததை, வழியில் பஸ்ஸைப் பார்த்து டாக்ஸியைத் திருப்பிக்கொண்டு வந்த நீயும்தான் பார்த்தாய். அரை மணி தாமதித்திருந்தால் அது நம் வீட்டுக் கூடத்தில் நடந்திருக்கும்.

அம்மாவைப் பற்றி நீ எழுதியிருந்த இரண்டாம் பக்கத்தை மறுநாள்தான் படித்தேன், குழந்தை பிறந்த பிறகு, வெளித் தாழ்வாரத்தில்.

அம்மா போன அன்றைக்கு எனக்குப் பதின்மூன்று வயது. வேப்பூரில் நம் வீட்டில் அப்பா இல்லை, கொல்லைக்கு உழப் போயிருந்தார். அம்மா முகமெல்லாம் உப்பிப் படுத்திருந்தாள். உச்சி வெயில். "வெளக்க ஏத்துடி, கண்ணு தெரியல" என்றாள். நான் சிரித்தேன் தம்பி. பட்டப் பகலில் விளக்குக் கேட்கிறாளே என்று சிரித்துவிட்டு விளையாடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கை கால் இழுத்துக்கொண்டிருந்தது. நீ பிறந்தாய். அவள் போய்விட்டாள். முனி அடித்தது என்று பெரியவர்கள் சொன்னபோது எனக்கு ஒரு வகையில் நிம்மதி. முனி அடித்தால் பதின்மூன்று வயசுப் பெண் என்ன செய்ய முடியும்?

இத்தனை வருஷம் அந்த முனிதான் என்னைக் காப்பாற்றியது. நீ ஒரு வரியில் அதை எடுத்துவிட்டாய்.

அதனால் கேட்கிறேன். விளக்குக் கேட்ட உடனே நான் ஓடிப்போய் அப்பாவைக் கூப்பிட்டு, வண்டி கட்டி விருத்தாசலம் கொண்டுபோயிருந்தால் அம்மா பிழைத்திருப்பாளா? சனிக்கிழமை அந்த நர்ஸம்மாவிடம் கேட்டு எழுது. நீ எதையும் மறைக்கிறவன் இல்லை. அவர் சொன்னதை அப்படியே எழுது.

திங்கட்கிழமை பேர் வைக்கிறோம். அதற்கு முன்னால் எனக்குப் பதில் தெரிய வேண்டும்.

அக்கா,
விருத்தாம்பாள்


விருத்தாசலம்
22-8-1970

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. இரண்டு நாளாகச் சூளையடியில் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு அடுக்குச் சாமானை மாற்றி வைத்து மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன்.

இன்று வகுப்புக்குப் போனேன். பிள்ளைதான் பிறந்துவிட்டதே, இன்னும் எதற்கு வருகிறான் என்று புதிதாக வந்திருந்த பெண்கள் பார்த்தார்கள். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் போன பிறகு கமலத்தம்மா பொம்மையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே, "என்ன தேவநாதன், இன்னிக்கு ஒரு கேள்வியும் கேக்கல, ஒடம்பு சரியில்லையா" என்றார்.

நீ கேட்கச் சொன்னதை நான் கேட்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது. அவருக்குப் பதில் தெரிந்திருக்கும். அவரும் என்னைப் போலத்தான், உள்ளதைச் சொல்லிவிடுகிற ஆள். அடுத்த வாரமும் கேட்கப் போவதில்லை. நீயாக வந்து கேட்டால் தடுக்க மாட்டேன், ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உன்னைக் கூட்டிப்போகிற வேலையை நான் செய்ய மாட்டேன். இதற்காக என்னைத் திட்டு.

ஏதாவது கேட்டாக வேண்டுமே என்று, குழந்தைக்குக் கழுத்து நிற்க எத்தனை நாளாகும் என்று கேட்டேன். மூன்று மாதமாம். மாதம் குறைந்து பிறந்ததால் இன்னும் கொஞ்சம் கூடவும் ஆகலாமாம். அதுவரை யார் தூக்கினாலும் தலைக்கு அடியில் ஒரு கை இருந்துகொண்டே இருக்க வேண்டும், ஒரு நிமிஷம்கூட எடுக்கக் கூடாது என்று பொம்மையை வெளியே எடுத்து என்னைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். தப்பாகத் தூக்கினேன். "ஒங்க வூட்ல தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா" என்று கேட்டார்.

பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளையை அப்படித் தூக்கி வளர்த்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்று சொன்னேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

தம்பி,
தேவநாதன்